கொழுப்பும் ஈயமும் ஒரு சொம்புத் தண்ணீரும்

1

எட்டாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்துக்குத் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. 'சிப்பாய்க் கலகத்தின் உடனடிக் காரணம் யாது?' இரண்டு மதிப்பெண். பதிலை எங்களுக்குச் சொல்லியே எழுத வைத்திருந்தார்கள். 'புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாக்களில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டிருந்தன. இதனால் இந்து, முஸ்லிம் சிப்பாய்களின் மத உணர்வு புண்பட்டது.'

நான் எழுந்து, "சார், அந்தக் கொழுப்ப யாரு சார் தடவுனது?" என்று கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. வருகைப் பதிவேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏன், உங்க ஆளுங்கதான்" என்றார். வகுப்பு இன்னும் பெரிதாகச் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் தெரு திரும்பும்வரை யாரோடும் பேசவில்லை.

பிறகு எம்.ஏ. தமிழ் படித்தபோது இலக்கண வகுப்பில் செயப்பாட்டுவினை வந்தது. 'படு' என்ற துணைவினையைச் சேர்த்தால் வினைமுதலைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். வீடு கட்டப்பட்டது. மலம் அள்ளப்பட்டது. மாடு புதைக்கப்பட்டது. கொழுப்பு தடவப்பட்டது. அன்றைக்குத்தான் எட்டாம் வகுப்பில் நான் கேட்ட கேள்வியின் கனம் எனக்கே புரிந்தது. இந்த நாட்டின் வரலாறே ஒரு நீண்ட செயப்பாட்டுவினையாக எழுதப்பட்டிருக்கிறது. செய்தவனைத் தேடினால் வாக்கியத்தில் அவன் இருக்க மாட்டான்.

இந்தக் கட்டுரை 1857 கலகத்தைப் பற்றிய இன்னொரு விளக்கம் அல்ல. அது சுதந்திரப் போரா, சிப்பாய்க் கலகமா என்ற வழக்கை நடத்த ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அதைவிடச் சின்ன விஷயம். ஒரு ஈயக்குண்டு, அதன்மேல் பூசிய கொழுப்பு, அதைத் தொட்ட கை.

2

முதலில் குண்டுக்கு ஏன் கொழுப்பு பூச வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம். நம் வரலாற்றுப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. அதனால் ஏதோ வேண்டுமென்றே வெள்ளைக்காரன் அசிங்கத்தைத் தடவி அனுப்பினான் என்பது போலவே நமக்குப் பதிந்துபோயிருக்கிறது.

மாட்டு வண்டி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அச்சுக்கும் குடத்துக்கும் நடுவில் வண்டிமை போடாவிட்டால் என்ன ஆகும்? சக்கரம் அலறும், அச்சு தேயும், மாடு திணறும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துப் போட்டால் வண்டி சத்தமில்லாமல் ஓடும். துப்பாக்கிக் குழலுக்கும் இதே கணக்குதான்.

கம்பெனிப் பட்டாளத்தின் பழைய பிரௌன் பெஸ் துப்பாக்கிக்குக் குழலின் உள்ளளவு முக்கால் அங்குலம். குண்டு 0.69 அங்குலத்தை ஒட்டி இருக்கும். நடுவில் தாராளமாக இடம் இருந்ததால் குண்டு தானாகவே உருண்டு இறங்கும். மசகு தேவையில்லை. ஆனால் நூறு கஜத்துக்கு மேல் குறி நிற்காது.

1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி இதை மாற்றியது. குழலின் உள்ளளவு 0.577 அங்குலம். உள்ளே மூன்று மரைப் பள்ளங்கள் முறுக்கிக்கொண்டு போகும். அதற்கான ஈயக்குண்டின் குறுக்களவு 0.568 அங்குலம். ஒரு அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒன்பது கூறுதான் இடைவெளி. அந்த இடைவெளியிலும் தோட்டாக் காகிதம் சுற்றியிருக்கும். குண்டு சுத்த ஈயம், அதனால் மெத்தென்று இருக்கும். அதன் அடிப்பாகம் குழிவாக இருக்கும். மருந்து வெடிக்கும்போது அந்த அடி விரிந்து மரைப் பள்ளங்களைக் கவ்விக்கொண்டு சுழன்று வெளியேறும். அதனால்தான் பல நூறு கஜம் தள்ளி நிற்பவனையும் அடிக்க முடிந்தது.

இதற்கு ஒரு விலை இருந்தது. கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடமான கசடாகவே மிஞ்சும். நாலு முறை சுட்டால் குழல் முழுக்கக் கரி அப்பிக்கொள்ளும். ஒன்பது கூறு இடைவெளியில் அதற்கு இடம் ஏது? அடுத்த குண்டை வாய்ப்பக்கமாக உள்ளே தள்ளவே முடியாது. மெத்தென்ற ஈயமும் குழலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கரியை இளக்கி, ஈயம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போக, குண்டைச் சுற்றியுள்ள காகிதத்தில் மசகு வேண்டும். கொழுப்பும் தேன்மெழுகும் சேர்த்து உருக்கி, தோட்டாவின் குண்டுப் பக்கத்தை அதில் முக்கி எடுப்பார்கள். இவ்வளவுதான் விஷயம். அளவு நெருங்கினால் மசகு கட்டாயம்.

சிப்பாய் தோட்டாவின் எந்த முனையைக் கடித்தான் என்பதும் கவனிக்க வேண்டியது. தோட்டா ஒரு காகிதக் குழாய். ஒரு முனையில் மருந்து, இன்னொரு முனையில் குண்டு. அவன் பல்லால் கிழித்தது மருந்து முனையை. கொழுப்பு இருந்தது குண்டு முனையில். அதை அவன் கையால் பிடித்துக் குழலுக்குள் தள்ள வேண்டும். வங்காளத்து வெயிலில் கொழுப்பு இளகிக் காகிதம் முழுக்கப் பரவும், கையில் ஒட்டியது வாய்க்குப் போகும் என்பதால் அவனுடைய அச்சத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தக் கொழுப்பை நேராகத் தொட்டது முதலில் சிப்பாயின் வாய் அல்ல, தோட்டா செய்தவனின் கை. அந்தக் கைக்கு ஒரு மதம், ஒரு உணர்வு, ஒரு உடம்பு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அது எந்த விலங்கின் கொழுப்பு? ஆயுதக் கிடங்கு அதிகாரிகள் அதை விசாரிக்கவே இல்லை. ஒப்பந்தக்காரன் எதைக் கொண்டுவந்து கொடுத்தானோ அது. ஆனால் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1853லேயே, இந்தத் தோட்டாக்கள் சோதனைக்காக இந்தியாவுக்கு வந்தபோதே, வங்காளப் படையின் உயர் அதிகாரி கர்னல் ஹென்றி டக்கர், சிப்பாய்களின் சாதி மத உணர்வுக்கு இடையூறு இல்லாத மசகுதான் என்று உறுதியாகும்வரை இவற்றை அவர்களிடம் கொடுக்கக் கூடாது என்று எழுதினார். அந்தக் கடிதம் கோப்புக்குள்ளேயே தூங்கியது. அதிலும்கூட யாருடைய உணர்வு எண்ணிப் பார்க்கப்பட்டது என்று பாருங்கள். கடிக்கப் போகிறவனுடையது மட்டும்தான்.

3

1857 ஜனவரி. கல்கத்தாவை அடுத்த தும்தும். இன்றைக்கு அங்கே விமான நிலையம் இருக்கிறது. அன்றைக்கு ஆயுதக் கிடங்கும், புதிய துப்பாக்கிக்குப் பயிற்சி தரும் மூன்று நிலையங்களில் ஒன்றும் இருந்தன. மற்ற இரண்டும் அம்பாலாவிலும் சியால்கோட்டிலும்.

கிடங்கில் வேலை செய்த ஒரு கலாசி, ஒரு பார்ப்பனச் சிப்பாயிடம், அவன் கையிலிருந்த சொம்பிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். சிப்பாய் சாதியைச் சொல்லி மறுத்தான். கலாசி திருப்பிக் கொடுத்தான். சாதி சாதி என்று பேசுகிறாயே, கொஞ்ச நாளில் பசுவும் பன்றியுமாகக் கொழுப்பு பூசிய தோட்டாவை நீயே கடிக்கப் போகிறாய், அப்புறம் எங்கே போகும் உன் சாதி என்ற பொருளில் அவன் சொன்ன வார்த்தை அங்கிருந்து கிளம்பியது. அந்த மாதம் 22ஆம் தேதி எழுபதாவது படைப்பிரிவின் கேப்டன் ரைட் இந்தப் பேச்சைப் பற்றி மேலே அறிக்கை அனுப்பினார். அரசு பதறிப்போய், மாதம் முடிவதற்குள், மசகு இல்லாத தோட்டாவைக் கொடுங்கள், சிப்பாய்கள் கடைத்தெருவில் தங்களுக்குப் பிடித்த மெழுகையோ எண்ணெயையோ வாங்கித் தாங்களே பூசிக்கொள்ளட்டும் என்று உத்தரவு போட்டது. அதற்குள் சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியிருந்தது. காகிதம் பளபளக்கிறதே, அதில் என்ன இருக்கிறது என்றார்கள். பிப்ரவரி 26 பெர்ஹாம்பூர், மார்ச் 29 பாரக்பூரில் மங்கள் பாண்டே, ஏப்ரல் 24 மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப்படை வீரர்கள், மே 10 எழுச்சி என்று மிச்சமெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மீரட்டில் அன்று அவர்களிடம் நீட்டப்பட்டவை புதிய தோட்டாக்கள்கூட அல்ல. அவர்கள் எப்போதும் பயன்படுத்திய பழையவைதான். அந்த அளவுக்கு அந்தச் சொல் வேலை செய்திருந்தது.

இந்தச் சம்பவம் மறைக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. 1864இலிருந்து வெளிவந்த ஜான் கேயின் பெரிய வரலாற்று நூலிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எப்படிச் சொன்னார்கள்? கலாசி ஏளனம் செய்தான். வதந்தி கிளப்பினான். அவன் ஒரு தீக்குச்சி. உரசியதும் எறிந்துவிட்டார்கள். கேப்டன் ரைட்டுக்குப் பெயர் இருக்கிறது. கர்னல் டக்கருக்குப் பெயர் இருக்கிறது. மங்கள் பாண்டேக்குப் பெயர் இருக்கிறது, அஞ்சல்தலை இருக்கிறது. தண்ணீர் கேட்டவனுக்கு ஆவணத்தில் இருப்பது 'தாழ்ந்த சாதி' என்ற அடைமொழி மட்டும்தான்.

வடநாட்டுத் தலித் எழுத்தாளர்கள் அவனை மாதாதீன் என்று அழைக்கிறார்கள். ஜல்காரி பாய், உதா தேவி வரிசையில் மாதாதீனையும் வைத்து நாடகம் போடுகிறார்கள், சிறு நூல்கள் எழுதுகிறார்கள், 1857இன் முதல் தீப்பொறி அவர்தான் என்கிறார்கள். பெயர் ஆவணத்தில் இல்லையே என்று கல்லூரி வரலாற்றாசிரியர்கள் முகம் சுளிக்கலாம். அந்த ஆவணத்தை எழுதியவர்கள் யார் என்பதையும் சேர்த்து அவர்கள் கேட்கட்டும். பெயர் எழுதப்படாதவனுக்குப் பெயர் வைப்பது ஒரு மனிதனுக்கு மரியாதை செய்வது.

எனக்கு அதில் ஒரே ஒரு தயக்கம்தான். மாதாதீனைத் தியாகியாக்கி, 1857 என்ற தேசியத் திருவிழாவில் நமக்கும் ஒரு நாற்காலி கேட்பதோடு நிறுத்திக்கொண்டால், அவன் அன்றைக்குக் கேட்டது என்ன என்பது மறந்துபோகும். அவன் நாற்காலி கேட்கவில்லை. தண்ணீர் கேட்டான். தாகம் எடுத்தது, கேட்டான். கொழுப்பைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம் வந்தது. தண்ணீரைக் கொடுத்திருந்தால் அன்றைக்கு அந்தச் சொல் பிறந்திருக்காது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதும் பிள்ளைகள் 'உடனடிக் காரணம்' என்ற இடத்தில் இதையும் எழுதலாம்.

4

இப்போது என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா ஈயம் உருக்கினார். பக்கத்து டவுனில் ஒரு பழைய பேட்டரிக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் தகரக் கொட்டகை. செத்த பேட்டரிகளைக் கோடாலியால் உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவது அவர் வேலை. அதில் வார்த்த கட்டிகள் முதலாளிக்கு. மிஞ்சிய ஈயத்தில் மீன் வலைக்குக் கட்டும் குண்டும், கொத்தனாருக்குத் தூக்குக்குண்டும் வார்த்து நாலு காசு பார்ப்பார். துப்பாக்கிக் குண்டு வார்த்தவர் அல்ல. ஆனால் சட்டி, கரண்டி, அச்சு, மெழுகு எல்லாம் அதே சாமான்தான்.

விடுமுறை நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். ஈயம் உருகுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். 327 டிகிரியில் அது இளகும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சித்தப்பாவுக்கு டிகிரி தெரியாது, நிறம் தெரியும். ஒரு மெழுகுத் துண்டைப் போட்டுக் கிண்டுவார். புகையோடு கசடு மேலே வரும். அதை வழித்து ஓரமாகத் தட்டுவார். கீழே கண்ணாடி மாதிரி மின்னும். அச்சில் லேசாக எண்ணெய் தடவிச் சூடு பண்ணிக்கொள்வார். "அச்சு சூடாவலன்னா குண்டு சுருங்கிப் போயிடும்டா, அளவு நிக்காது" என்பார். என் நெற்றியில் வேர்வை வழிந்தால் கத்துவார். "எட்டிப் போடா. ஒரு சொட்டு தண்ணி சட்டில வுழுந்துச்சின்னா மூஞ்சில அடிச்சிடும்." அது உண்மை. ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்துக்கு அடியில் மாட்டினால் நொடியில் ஆவியாகி, சட்டியில் இருப்பதையெல்லாம் மேலே தூக்கி அடிக்கும். இந்த அபாயம் அவருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற அபாயம் எல்லாத் தொழிலாளிக்கும் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாதது வேறு. ஈயத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தச் சூடு அல்ல, வழித்துப் போட்ட கசடுதான். அது காய்ந்து தூளாகி விரலில், நகக்கண்ணில், லுங்கியில், பீடியில் ஒட்டும். மூச்சோடு போகும், சோற்றோடு போகும். உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் குடியேறிப் பல வருஷங்கள் தங்கும். ரத்தம் சுண்டும், வயிறு முறுக்கும், மலம் கட்டும், கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. குழந்தைகளுக்கு மூளையைத் தொடும். அப்பன் லுங்கியில் வந்த தூளே போதும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1840லேயே லண்டனில் ஹென்றி பர்ட்டன் என்ற மருத்துவர், ஈயம் ஏறியவர்களின் ஈறில் பல்லை ஒட்டி ஒரு நீலக்கோடு விழுவதைக் கண்டு எழுதினார். அதாவது தும்தும் சம்பவத்துக்குப் பதினேழு வருஷம் முன்னால். துரைமார்களுக்கு ஈயத்தின் நஞ்சு தெரியும். சிப்பாயின் மதம் கெடுமா என்று ஜனவரியிலிருந்து மே வரை கடிதம் கடிதமாக எழுதினார்கள். நான் படித்த வரலாறுகள் எதிலும், அந்தக் கிடங்குகளில் ஈயத்தையும் கொழுப்பையும் தொட்ட கைகள் என்ன ஆயின என்று ஒரு வரி பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்கு அந்தக் கோடு இருந்தது. வயிற்று வலி தாங்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு சின்ன வயது டாக்டர் ஈறைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். ஈயம் என்றதும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். புகை போக வழி வைத்துக்கொள்ளுங்கள். வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த இடத்தில் பீடி பிடிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பிடும் முன்னால் சோப்புப் போட்டு நன்றாகக் கையைக் கழுவுங்கள். அந்த டாக்டர் நல்ல மனுஷன். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

வெளியே வந்ததும் சித்தப்பா சிரித்தார். "கைய கழுவிட்டு சாப்புடச் சொல்றாரு. கழுவறதுக்கு எவன்டா தண்ணி ஊத்தறான்?"

எனக்கு அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று தெரியும். நான் சோறு கொண்டுபோனபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். கடையின் தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் இருந்தது. அதை அவர் தொடக் கூடாது. முதலாளியோ கடைப் பையனோ வந்து மேலேயிருந்து ஊற்றினால் கையை நீட்டிக் குடிக்கலாம். கூப்பிட்டால் எப்போதும் வர மாட்டார்கள். வந்தாலும் குடிக்கத்தான் ஊற்றுவார்கள். கழுவுவதற்கு எத்தனை தடவை கேட்பது? எதிர் டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ், அதுவும் வெளியே கம்பியில் தொங்கும். அதனால் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பிசைவார். அந்தத் துண்டிலும் ஈயம்.

தோழர்களே, தீண்டாமையை நாம் அவமானம் என்கிறோம். உரிமை மறுப்பு என்கிறோம். அது சரிதான். ஆனால் சித்தப்பா விஷயத்தில் அது நேரடியாக ஒரு நஞ்சு. தொட்டியைத் தொடக் கூடாது என்ற ஒரு வழக்கத்தால், கையில் ஒட்டிய ஈயம் கழுவுபடாமல் வயிற்றுக்குப் போனது. ஈய வேலையில் முதல் பாதுகாப்பு தண்ணீர். தண்ணீரை எவன் பிடித்து வைத்திருக்கிறானோ அவன் கையில்தான் அந்த வேலைக்காரனின் உயிரும் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், டாக்டர் பார்த்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியல் இருந்தது. அதில் முதலாவது ஈய நஞ்சு. தண்ணீரும் கழுவும் வசதியும் வேலையாளின் உரிமை என்றும் அந்தச் சட்டம் சொன்னது. பழைய பேட்டரிகளைக் கையாள 2001இல் விதி வந்தது. 2022இல் புது விதி வந்தது. தகரக் கொட்டகைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. சட்டம் முன்வாசல் வழியாகக் கடைக்கு வரும், போகும். சித்தப்பா பின்பக்கம் இருப்பார். ஐம்பது வயது நிறையும் முன்னால் போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவு எந்தப் பட்டியலிலும் ஈயம் என்று எழுதப்படவில்லை. 'வயிற்று வலியால் இறந்தார்'. இதிலும் வினைமுதலைக் காணோம்.

5

தும்தும்முக்குத் திரும்புவோம். கலகம் அடங்கிய பிறகு நடந்ததைப் பாருங்கள்.

என்ஃபீல்டு தோட்டாவுக்குக் கொழுப்பை விட்டுவிட்டுத் தேன்மெழுகுக்கு மாறினார்கள். கொழுப்பு 40 டிகிரியை ஒட்டிய வெயிலிலேயே இளகி வடிந்துவிடும். மெழுகு 60 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். இறுக்கம் குறைய, குண்டின் குறுக்களவையும் 0.55 அங்குலத்துக்கு இறக்கினார்கள். ஆக, முதலிலிருந்தே வழி இருந்தது. அளவைக் கொஞ்சம் குறைத்து, மெழுகைப் பூசியிருந்தால் முடிந்துபோகும் கதை. பொறியியல் சிக்கலைப் பொறியியல் தீர்த்தது. அதே தும்தும் கிடங்கில் 1890களில் நுனி திறந்த ஈயக்குண்டு செய்தார்கள். உடம்புக்குள் போய் விரிந்து கிழிக்கும் 'தும்தும் குண்டு'. அந்த வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899இல் ஹேக் மாநாடு அறிவித்தது. குண்டின் அளவைப் பற்றியும் கடிப்பவனின் மதத்தைப் பற்றியும் சாகிறவனின் காயத்தைப் பற்றியும் உலகம் பேசி முடித்துவிட்டது.

பட்டாளத்தில் நம் ஆட்களுக்கு என்ன ஆனது? கலகம் செய்த வங்காளப் படை பெரும்பாலும் அவத்தையும் பீகாரையும் சேர்ந்த பார்ப்பன, ராஜபுத்திர, பூமிஹார் சிப்பாய்களால் ஆனது. மதராஸ் படையில் பறையர்கள் இருந்தார்கள், பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 கோரேகான் போரில் மகர் வீரர்கள் நின்றதை அந்தத் தூண் இன்றும் சொல்கிறது. கலகம் செய்தது ஒரு கூட்டம். ஆனால் கொஞ்ச காலத்தில் 'வீர இனம்' என்ற கட்டுக்கதையைக் கிளப்பி, 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கோபால் பாபா வலங்கர் 1894இல் எதிர்த்து மனு எழுதினார். வெள்ளைக்காரனுக்கும் கடைசியில் சொம்பு வைத்திருப்பவனின் சாதிக் கணக்குதான் வசதியாகப் பட்டது. நம்மை விடுவிக்க வந்தவனாக அவனை வரைந்து காட்டும் தோழர்கள் இதையும் சேர்த்து வரையட்டும்.

அந்தப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர் ராம்ஜி. 1901இல் அவர் வேலை பார்த்த ஊருக்கு அவருடைய பிள்ளைகள் ரயிலில் போனார்கள். மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரன்கூட அவர்களை ஏற்றத் தயங்கினான். இரவு முழுக்கக் கையில் சோறு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாகக் கிடந்தார்கள். அதில் ஒரு பையன் அம்பேத்கர். பள்ளிக்கூடத்திலும் பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் அவருக்குத் தண்ணீர். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பையன் வளர்ந்து 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். எழுபது வருஷத்துக்கு முன் தும்தும்மில் ஒருவன் கேட்டு மறுக்கப்பட்ட தண்ணீர்தான் அது. ஒரு வித்தியாசம், அவர் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்.

வரலாற்றை இப்படிக் கோக்கலாமா என்று கேட்பீர்கள். 1806 ஜூலை 10 வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்கல் புதிய தலைப்பாகையும் அதில் வைத்த தோல் குஞ்சமும். 1857இல் கொழுப்பு. இரண்டும் செத்த மாட்டிலிருந்து வருபவை. செத்த மாட்டை இழுத்துப்போட்டு, தோலை உரித்து, கொழுப்பை எடுத்துப் பதப்படுத்தும் வேலையை இந்தச் சமூகம் யார் தலையில் கட்டியது? தோல் நெற்றியில் பட்டால் ஒரு கலகம், கொழுப்பு உதட்டில் பட்டால் இன்னொரு கலகம். காலம் காலமாக அதிலேயே புரண்ட உடம்புகளுக்காக நம் பாடப்புத்தகத்தில் ஒரு கேள்விகூட இல்லை, இரண்டு மதிப்பெண்ணுக்குக்கூட.

6

இப்போது எங்கள் காலனியில் ராத்திரிப் பள்ளி நடத்துகிறோம். சென்ற வருஷம் பிள்ளைகளுக்கு 1857 எடுத்தேன். என்ஃபீல்டு, மரை, ஒன்பது கூறு இடைவெளி எல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். ஒரு மெழுகுவத்தியையும் தேங்காய் எண்ணெயையும் கொண்டுபோய்க் காகிதத்தில் பூசி, பிவிசி குழாய்க்குள் களிமண் குண்டைத் தள்ளிப் பார்த்தோம். மசகு இல்லாமல் சிக்கிக்கொண்டது, மசகு பூசியதும் சர்ரென்று இறங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் தண்ணீர் கேட்டவன் கதையைச் சொன்னேன்.

கடைசியில் அந்தப் பழைய கேள்வியையே கொடுத்தேன். சிப்பாய்க் கலகத்தின் உடனடிக் காரணம் யாது?

ஏழாவது படிக்கும் ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: 'கிடங்கில் வேலை செய்த ஒருவர் தாகமாக இருந்தார். அவருக்குச் சிப்பாய் தண்ணீர் கொடுக்கவில்லை.'

வாக்கியத்தில் வேலை செய்தவர் இருக்கிறார். கொடுக்காதவனும் இருக்கிறான். நான் இரண்டு மதிப்பெண்ணும் போட்டேன். "ஏன், உங்க ஆளுங்கதான்" என்று எங்கள் சார் சொன்ன பதிலை இருபது வருஷத்துக்கு மேல் ஒரு வசவாகச் சுமந்துகொண்டிருந்தேன். ஆமாம் சார், எங்க ஆளுங்கதான். ஈயம் உருக்குனதும், கொழுப்ப எடுத்ததும் எங்க ஆளுங்கதான். அந்தக் கைகளைப் பத்தித்தான் நான் அன்னிக்குக் கேட்டேன்.

பாடம் முடிந்ததும் பிள்ளைகள் வெளியே குழாயடிக்கு ஓடினார்கள். எண்ணெயும் மெழுகும் ஒட்டிய கைகள். அந்தக் குழாய் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பல முறை மனுக் கொடுத்து, சாலையில் உட்கார்ந்து வாங்கிய குழாய். யாரும் மேலேயிருந்து ஊற்ற வேண்டியதில்லை. சோப்பு நுரைக்க நுரைக்கக் கழுவினார்கள்.